பழகுநரின் வகுப்பு நேரத்துக்குக் கூலி உண்டா?

"தொழிலையும் கற்றுக்கொடுத்து, கற்றுக்கொள்கிற நேரத்துக்குக் காசும் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்கிறார் பட்டறை முதலாளி. "நாள் முழுக்க வேலை வாங்கிவிட்டு, அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்துக் கூலியைக் குறைக்கிறார்கள்" என்கிறார் அவரிடம் மெக்கானிக் வேலை பழகுபவர். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தங்களுக்குப் பிடித்த பக்கம் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த இருவரும் வெவ்வேறு மணி நேரங்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை.

முதலில் ஒரு சொல். தொழிற்பழகுநர் என்பவர், ஒரு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே, ஒப்பந்தத்தில் சொன்ன காலத்துக்குள் ஒரு தொழிலை முழுதாகக் கற்றுக்கொள்பவர். இந்தக் கட்டுரையில் சுருக்கமாகப் பழகுநர் என்கிறேன். அவர் மாணவரும் அல்லர், முழுத் தொழிலாளியும் அல்லர். குழப்பம் முழுவதும் இந்த இரண்டுங்கெட்டான் நிலையிலிருந்துதான் பிறக்கிறது.

மூன்று வகை மணி நேரம்

வாகனப் பட்டறையில் பழகும் ஒருவரின் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பகுதி நேரம் அவர் மூத்த மெக்கானிக்கின் கண்பார்வையில் சக்கரம் கழற்றுகிறார், ஆயில் மாற்றுகிறார், பிரேக் கட்டைகளைப் பொருத்துகிறார். இவற்றைச் செய்யும்போது அவர் கற்கிறார் என்பது உண்மை. ஆனால் அந்த வேலைக்கு வாடிக்கையாளர் பில் கட்டுகிறார் என்பதும் உண்மை. இதைப் பட்டறை மணி என்று வைத்துக்கொள்வோம்.

வாரத்தில் ஒரு நாள் அவர் பயிற்சி நிலையத்துக்குப் போகிறார். மின்சுற்று வரைபடத்தைப் படிப்பது எப்படி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் எப்படிப் பார்த்துக்கொள்கிறது, மின்சாரக் காரின் உயர் மின்னழுத்த பேட்டரியை ஆபத்தில்லாமல் துண்டிப்பது எப்படி என்றெல்லாம் அங்கே கற்கிறார். இதற்கு எந்த வாடிக்கையாளரும் பில் கட்டுவதில்லை. இது வகுப்பு மணி.

மூன்றாவது ஒன்று உண்டு. பயிற்சி நிலையத்துக்குப் போய்வரும் நேரம், பட்டறையைப் பூட்டிய பிறகு தரையைக் கழுவும் நேரம், "வீட்டில் கணினியில் முடித்துவிட்டு வா" என்று கொடுக்கப்படும் இணையப் பாடங்கள், தேர்வுக்குப் படிக்கும் இரவு. இதற்கு நிழல் மணி என்று பெயர் வைக்கிறேன். கணக்கு ஏட்டில் விழாத நேரம் என்பதால்.

பட்டறை மணியைப் பற்றி உண்மையில் வாதமே இல்லை. விற்கப்படும் உழைப்புக்குக் கூலி உண்டு. கூடவே கற்றுக்கொள்கிறார் என்பதால் அது விற்கப்படாத உழைப்பாகிவிடாது. "கற்றுக்கொடுக்கிறேன், அது போதாதா?" என்ற வாதம் வகுப்பு மணிக்காவது ஓரளவு பொருந்தும். அதைத் தூக்கிவந்து பட்டறை மணியின் மேல் போடுவதுதான் நடைமுறையில் நடக்கிற தந்திரம்.

சுருக்கமாக: பில் போடப்படும் நேரம், வகுப்பில் கழியும் நேரம், யாரும் எழுதிவைக்காத நேரம் என்று மூன்று உண்டு. இனி நாம் பேசப்போவது முக்கியமாக இரண்டாவதைப் பற்றி.

குறைந்த கூலியே ஒரு கட்டணம்

மரக்கன்று நட்டவர் சில ஆண்டுகள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகுதான் காய்க்கும். பழகுநரும் அப்படித்தான். முதல் மாதங்களில் அவர் செய்வதைவிட அவரால் தாமதமாகும் வேலை அதிகம். ஒரு கட்டத்துக்குப் பிறகு, வாங்கும் கூலியைவிட அதிக மதிப்புள்ள வேலையைச் செய்யத் தொடங்குகிறார். முதலாளி போட்டதை எடுப்பது அந்தப் பிற்பகுதியில்தான். ஆனால் மரக்கன்றுக்குக் கால் கிடையாது. பழகுநருக்கு உண்டு, காய்க்கும் பருவத்தில் பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்துபோய்விடலாம். முதலாளியின் பயம் நியாயமானது.

பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் இந்தச் சிக்கலை 1964-இல் வெளியிட்ட ஆய்வில் அழகாகப் பிரித்துக்காட்டினார். திறன்கள் இரண்டு வகை. எந்த நிறுவனத்துக்குப் போனாலும் பயன்படுவது பொதுத் திறன். ஒரே நிறுவனத்தில் மட்டும் பயன்படுவது தனித் திறன். நீச்சல் கற்றவர் எந்தக் குளத்திலும் நீந்தலாம். ஆனால் இருட்டில் தட்டுத்தடுமாறாமல் சொந்த வீட்டு விளக்கைப் போடத் தெரிந்திருப்பது அடுத்த வீட்டில் உதவாது. பிரேக், சஸ்பென்ஷன், மின்சுற்று பற்றிய அறிவு நீச்சல் போன்றது. ஒரு பட்டறையின் உதிரிபாக அறை ஒழுங்கும், அந்தப் பட்டறைக்கென்று உள்ள பதிவேட்டு முறையும் விளக்கு சுவிட்ச் போன்றவை. ஒரு குறிப்பிட்ட தயாரிப்பாளரின் கோளாறு கண்டறியும் மென்பொருள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: அதே தயாரிப்பாளரின் வேறு கிளையில் செல்லும், மற்ற இடங்களில் அவ்வளவாகச் செல்லாது.

தனித் திறனுக்கு நிறுவனம் செலவு செய்யும், ஏனென்றால் அதை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்றார் பெக்கர். பொதுத் திறனுக்கான செலவைப் பழகுநரே ஏற்க நேரும். எப்படி? கையிலிருந்து எடுத்துக் கொடுத்து அல்ல; குறைந்த கூலியை ஏற்றுக்கொண்டு. ஆக, "இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறேன்" என்று சொல்பவர் பெரும்பாலும் இலவசமாகக் கற்றுக்கொடுப்பதில்லை. கட்டணம் சம்பளச் சீட்டு எழுதப்படுவதற்கு முன்பே பிடிக்கப்பட்டுவிட்டது.

ஒரு காலத்தில் இந்தக் கட்டணம் வெளிப்படையாகவே இருந்தது. இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டின் சட்டம் தொழில் பழகும் காலத்தைக் குறைந்தது 7 ஆண்டுகள் என்று வைத்தது. பல தொழில்களில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளப் பெற்றோர்தான் ஆசானுக்குப் பணம் கட்டினார்கள். இந்த நீண்ட பழகுகாலத்தைப் பொருளாதாரச் சிந்தனையாளர் ஆடம் ஸ்மித் 1776-இல் கடுமையாக விமரிசித்தார். தொடக்கத்திலிருந்தே அந்த இளைஞன் செய்கிற சிறிதளவு வேலைக்கு ஏற்பத் தேர்ந்த தொழிலாளியைப்போலக் கூலி கொடுங்கள், அவன் கெடுக்கிற பொருளுக்கு அவனே ஈடு கட்டட்டும், அப்போது இன்னும் ஊக்கமாகக் கற்பான் என்பது அவர் யோசனை. முதல் பாதி கேட்க நன்றாக இருக்கிறது. எஞ்சினின் அலுமினிய உடலில் ஒரு போல்ட்டைத் திருகுமரை சிதைய முறுக்கிவிட்ட எந்தப் பழகுநரும் இரண்டாம் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டார்.

பெக்கரின் விளக்கத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. குறைந்த கூலியில் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்க முடிந்தவரால்தான் இப்படிக் கட்டணம் செலுத்த முடியும். வீட்டில் சோறு போட ஆள் இருப்பவர் கற்று முடிப்பார். வீட்டுக்கே சோறு போட வேண்டியவர் பாதியில் வேறு வேலைக்குப் போய்விடுவார். அங்கே தோற்றது அவருடைய திறமை அல்ல.

40 மணியும் 32 மணியும்

இப்போது ஒரு சிறு கணக்கு. எண்கள் நான் வைத்துக்கொண்டவை. வாரம் 40 மணி நேரம். அதில் 32 பட்டறையில், 8 வகுப்பில்.

முதல் முதலாளி வகுப்புக்குக் கூலி கிடையாது என்கிறார், ஆனால் பட்டறை மணிக்கு 100 கொடுக்கிறார். வாரத்துக்கு 3,200. இரண்டாமவர் வகுப்புக்கும் கூலி உண்டு என்று பெருமையாகச் சொல்கிறார், மணிக்கு 80 கொடுக்கிறார். 40 மணிக்கு அதே 3,200. பழகுநரின் பைக்கு வந்தது ஒரே தொகை. "வகுப்புக்குக் கூலி உண்டா?" என்று மட்டும் கேட்டு ஒருவரை நல்லவர் என்றும் மற்றவரைக் கெட்டவர் என்றும் முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம்.

அப்படியானால் வேறுபாடே இல்லையா? இருக்கிறது, மூன்று இடங்களில். ஒன்று, குறைந்தபட்சக் கூலிச் சட்டம். வகுப்பு மணி வேலை நேரமாகக் கணக்கிடப்பட்டால், மொத்தத் தொகையை எல்லா மணிகளாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். சராசரி சட்டத்தின் கோட்டுக்குக் கீழே போகக் கூடாது. இரண்டு, மிகைநேரம். பட்டறையில் 40 மணி முடித்துவிட்டு மாலையில் 8 மணி நேரம் வகுப்பென்றால், அவர் உடம்பு 48 மணி உழைத்திருக்கிறது. ஏடு 40 என்கிறது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, அதைத் தனியாகப் பார்ப்போம்.

வகுப்பைத் தவறவிட யாருக்கு ஆசை?

வகுப்புக்குக் கூலி இல்லாதபோது, வகுப்பில் உட்காரும் ஒவ்வொரு மணியும் பழகுநருக்கு இழப்பு. பட்டறையில் வேலை குவிந்திருக்கும் நாளில் "இன்று வந்தால் கூலி உண்டு" என்று ஒரு வார்த்தை போதும், அவர் வகுப்பைத் துறந்துவிடுவார். வாடகை கட்ட வேண்டியவரை இதற்காகக் குறைசொல்ல முடியாது.

கூலி உண்டு என்றால் ஆசை இடம் மாறுகிறது. இப்போது வகுப்பு முதலாளிக்குச் செலவு. "அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம், இன்று இரண்டு கிளட்ச் வேலை நிற்கிறது" என்பார். கூலி பழகுநருக்கு எப்படியும் வந்துவிடுகிறது, பாடம்தான் போகிறது.

இந்த இரண்டில் எது பரவாயில்லை? இரண்டாவது என்பது என் கணிப்பு. பழகுநரின் ஆசையைக் கண்காணிக்க வழியில்லை; அவர் தானாகவே விட்டுக்கொடுத்தார் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். முதலாளியின் ஆசையைப் பயிற்சி நிலையத்தின் வருகைப் பதிவேடு காட்டிக்கொடுத்துவிடும். கூலியும் வேண்டும், பதிவேடும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பாதி வேலைதான்.

சுருக்கமாக: கூலி என்பது பழகுநரின் கைக்கு வரும் தொகையை மட்டும் முடிவு செய்வதில்லை. வகுப்பறை காலியாக இருந்தால் யாருக்கு லாபம் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது.

கற்றுக்கொடுப்பவரின் நேரம்

இந்த விவாதத்தில் எல்லோரும் மறந்துவிடும் ஆள் மூத்த மெக்கானிக். அவரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் மெக்கானிக்குகளுக்கே உரிய ஒரு கூலி முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் கார் விற்பனை நிறுவனப் பட்டறைகளில் இது பரவலாக உள்ளது. ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி என்று ஏட்டில் எழுதியிருக்கும். மெக்கானிக் உண்மையில் எவ்வளவு நேரம் எடுத்தாலும் ஏட்டில் உள்ள மணிக்குத்தான் கூலி. இதை ஏட்டு மணிக் கூலி என்போம்.

ஏட்டில் 2 மணி என்றுள்ள வேலையை ஒன்றேகால் மணியில் முடிக்கும் தேர்ந்த மெக்கானிக், 2 மணிக் கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். அதே வேலைக்குப் பழகுநர் 4 மணி எடுப்பார். அவருக்கும் 2 மணிக் கூலிதான். வகுப்புக்குப் போன நாளில் அவர் கணக்கில் விழும் ஏட்டு மணி சைபர். கற்றுக்கொள்பவரை இந்த முறை இரண்டு பக்கமும் அடிக்கிறது: மெதுவாகச் செய்தாலும் இழப்பு, வேகமாகச் செய்யக் கற்றுக்கொள்ளப் போனாலும் இழப்பு.

ஆனால் இதைவிடப் பெரிய சேதம் கற்றுக்கொடுப்பவரிடம் நடக்கிறது. ஒரு பேரிங் ஏன் சத்தம் போடுகிறது என்று அரைமணி நேரம் விளக்கினால் அந்த அரைமணிக்கு ஏட்டில் இடம் கிடையாது. அவர் கூலியிலிருந்து போகிறது. ஆகவே அவர் சொல்வார்: "நீ தள்ளி நில், நானே செய்துவிடுகிறேன்." முரட்டு ஆள், சொல்லிக்கொடுக்க மனம் இல்லாதவர் என்று அவரைத் திட்டுவோம். அவர் மனத்தில் ஒன்றுமில்லை. அவர் சம்பளச் சீட்டுதான் அப்படிப் பேசுகிறது. பழகுநருக்கு வகுப்பு மணிக்குக் கூலி வாங்கிக்கொடுத்துவிட்டு, பட்டறையில் தினமும் சொல்லிக்கொடுக்க வேண்டியவரைச் சொந்தக் காசில் சொல்லிக்கொடுக்கச் சொல்வது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. பழகும் காலம் முழுக்க மணிக்கூலி கொடுத்து, முடிந்த பிறகு ஏட்டு மணிக்கு மாற்றலாம். பழகுநர் முடிக்கும் வேலையின் ஏட்டு மணிகளைக் கற்றுக்கொடுப்பவர் கணக்கில் முழுதாகவோ பகுதியாகவோ சேர்க்கலாம். அப்போது சீடன் வேகமாகக் கற்றால் ஆசானுக்கும் வரவு.

கற்றபின் கிளம்பிவிட்டால்?

மரக்கன்றின் கால் கதைக்கு மீண்டும் வருவோம். இதற்கு முதலாளிகள் கையாளும் கருவி பயிற்சிப் பத்திரம்: பயிற்சிக்குப் பிறகு இத்தனை காலம் இங்கேயே வேலை செய்வேன், இல்லையேல் செலவைத் திருப்பித் தருவேன் என்று பழகுநர் எழுதிக்கொடுப்பது. பார்க்க நியாயமாகத் தெரியும். தொகை உண்மையான செலவை ஒட்டி இருந்து, மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால் ஓரளவு நியாயமும்கூட. சம்பளம் குறைவு, சூழல் மோசம், ஆனால் போக முடியாது என்ற நிலைக்கு ஒருவரைத் தள்ளும்போது அது தளையாகிவிடும். ஏற்கெனவே குறைந்த கூலியில் கட்டணம் செலுத்திவிட்டவரிடம் இரண்டாம் முறை அதே கட்டணத்தைக் கேட்பது என்றும் இதைச் சொல்லலாம்.

பத்திரம் இல்லாமலும் பல நிறுவனங்கள் பொதுத் திறனுக்குச் செலவு செய்கின்றன என்பது பெக்கரின் விளக்கத்துக்கு இடித்தது. 1990-களின் கடைசியில் பொருளாதார அறிஞர்கள் டேரன் அசெமோக்லுவும் யோர்ன்-ஸ்டெஃபன் பிஷ்கேயும் இதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஒருவர் எவ்வளவு நன்றாகக் கற்றிருக்கிறார் என்பது கற்றுக்கொடுத்த இடத்துக்குத் தெரியும். வெளியில் இருப்பவருக்கு அவ்வளவு தெரியாது. அதனால் வெளியே கிடைக்கும் கூலி, திறன் உயர்ந்த அளவுக்கு உயர்வதில்லை. அந்த இடைவெளிதான் பயிற்சி கொடுத்த நிறுவனத்தின் லாபம். பட்டறையில் இது கண்ணாடிபோலத் தெரியும்: யாராலும் பிடிக்க முடியாத மின்கோளாறை இவர் பிடிப்பார் என்பது சான்றிதழில் எழுதியிருக்காது, மேலாளருக்குத் தெரியும்.

சட்டங்கள் எங்கே கோடு போடுகின்றன

நான்கு நாடுகளைப் பார்த்தால் போதும், விடைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று புரிந்துவிடும்.

ஜெர்மனியில் வாகன மெக்கட்ரானிக் தொழிலை, அதாவது வண்டியின் இயந்திரப் பாகங்களையும் மின்னணுப் பாகங்களையும் சேர்த்துப் பழுதுபார்க்கும் தொழிலை, கற்க மூன்றரை ஆண்டுகள். பட்டறையும் தொழிற்பள்ளியும் சேர்ந்தே நடக்கும். பள்ளி நேரத்துக்கு முதலாளி விடுவிக்க வேண்டும், ஊதியத்தைப் பிடிக்கக் கூடாது. பயிற்சிக்கு வேண்டிய கருவிகளையும் அவரே இலவசமாகத் தர வேண்டும். பயிற்சி முடிந்தபின் தொழில் செய்யும் உரிமையைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. கடைசி ஆறு மாதங்களில் 'இங்கேயே வேலையைத் தொடர்கிறேன்' என்று ஒப்புக்கொள்வது மட்டும் விதிவிலக்கு. கருவிகளைப் பற்றிய விதியை மெக்கானிக்குகள் கூர்ந்து கவனிப்பார்கள், ஏனென்றால் பல நாடுகளில் ஸ்பேனர் பெட்டியைச் சொந்தக் காசில் வாங்குவது அவர்கள் தலையில்தான் விழுகிறது.

பிரிட்டனிலும் பழகுநரின் பயிற்சி நேரம் ஊதியத்துக்கு உரியது. ஆனால் பழகுநருக்கென்று தனியான, குறைந்த கூலி விகிதம் உண்டு. மேலே போட்ட 40-க்கும் 32-க்கும் உள்ள கணக்கை நினைத்துப்பாருங்கள்.

அமெரிக்காவில் பயிற்சி நேரம் வேலை நேரம் ஆகாமல் இருக்க நான்கு நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்த வேண்டும்: வழக்கமான வேலை நேரத்துக்கு வெளியே நடக்க வேண்டும், விருப்பத்தின்பேரில் இருக்க வேண்டும், செய்யும் வேலையோடு நேரடித் தொடர்பு இருக்கக் கூடாது, அந்த நேரத்தில் நிறுவனத்துக்கு வேலை எதுவும் செய்யக் கூடாது. தொழிற்பழகுநர் வகுப்புகளுக்கு மட்டும் தனி விதிவிலக்கு: முறையான எழுத்து ஒப்பந்தம் இருந்து, அதில் வகுப்பு நேரமும் வேலை நேரமே என்று எழுதாவிட்டால், கணக்கில் சேர்க்காமல் விடலாம். சாதாரணத் தொழிலாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பழகுநருக்கு அந்த இடத்தில் நழுவிவிடுகிறது.

இந்தியாவின் 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் இன்னொரு வகை. பழகுநர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி அல்லர் என்று அது சொல்கிறது. கொடுப்பதற்குப் பெயரும் கூலி அல்ல, உதவித்தொகை. ஆனால் அதே சட்டம், தொழிற்பிரிவுப் பழகுநர் (குறிப்பிட்ட ஒரு தொழிலில் பயிற்சி பெறுபவர்) அதோடு தொடர்புடைய பாட வகுப்புகளில் செலவிடும் நேரத்தை ஊதியம் பெறும் நேரத்தின் பகுதியாகவே கொள்கிறது.

என் பக்கம்

முதலாளி போகச் சொல்லும் வகுப்புக்குக் கூலி உண்டு என்பதே என் நிலை. போக மாட்டேன் என்று பழகுநர் மறுக்க முடியாத எதுவும் வேலைதான். வேலைக்கு உள்ள விதி அதற்கும் பொருந்தும். பொதுத் திறனின் செலவில் ஒரு பங்கைப் பழகுநர் ஏற்கலாம், ஆனால் வெளிப்படையாக: குறைந்த மணிக்கூலி என்று எழுதி, ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு உயரும் என்றும் எழுதி. வகுப்பு நாளை ஓசையில்லாமல் வெட்டிவிட்டு அல்ல.

இரண்டு மெக்கானிக்குகள் மட்டும் உள்ள சிறு பட்டறைக்கு இது பாரம்தான். வாரத்தில் ஒருநாள் ஒரு கை குறைவது பெரிய நிறுவனத்துக்குத் தெரியாது, அங்கே தெரியும். கற்றபின் அந்தத் திறன் ஊருக்கே பயன்படுகிறது என்பதால், வகுப்பு நாள் செலவில் ஒரு பங்கை அரசோ, அத்துறையின் எல்லா நிறுவனங்களும் சேர்ந்து கட்டும் நிதியோ ஏற்பது பொருத்தமானது. ஒரு பழகுநரைக்கூட வைத்துக்கொள்ளாமல் வாய்ச்சவடால் விடும் பெரிய நிறுவனங்கள், சிறு பட்டறைகள் உருவாக்கிய ஆட்களை இழுத்துக்கொள்வதற்கும் அது ஓரளவு விலை வைக்கும்.

நிழல் மணிகளை மட்டும் கொள்கையால் தீர்க்க முடியாது, ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துத்தான் தீர்க்க வேண்டும். பயிற்சி நிலையம் தொலைவில் இருந்தால் பயண நேரம் யாருடையது? வீட்டில் முடிக்கச் சொல்லும் கணினிப் பாடம் எத்தனை மணியாகக் கணக்கிடப்படும்? கருவிப்பெட்டி யார் செலவு? தேர்வில் ஒரு முறை தவறி அதே வகுப்பில் மீண்டும் உட்கார வேண்டிவந்தால், அந்த இரண்டாவது முறைக்குக் கூலி உண்டா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஒரு வரிகூட இருப்பதில்லை. கையெழுத்துப் போடும் நாளில், தேர்வில் தவறுவோம் என்று பழகுநர் நினைப்பதில்லை. முதலாளியும் அதை நினைவுபடுத்துவதில்லை.